பதினெட்டுத் தாளம், ஐந்து வேகம்

அம்பர்கிரிஸ் கடத்தல் பிடிபடும்போதெல்லாம் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் பெயர் செய்தித்தாளில் அடிபடுகிறது. அதன் குடலில் உருவாகும் பொருளுக்கு விலை பேச ஆள் உண்டு. விலை பேச முடியாத செல்வமும் அந்த உயிரிடம் இருக்கிறது. அது, அதன் ஒலி.

இரை தேடி ஆயிரம் மீட்டர் ஆழம்வரை இறங்கும் இத்திமிங்கலம், கிளிக் கிளிக்கென ஒலி எழுப்பி, எதிரொலியை வைத்தே கணவாயைப் பிடிக்கிறது. மேலே வந்து உறவுகளோடு சேர்ந்ததும் அதே கிளிக்குகளைத் தாளக்கட்டோடு அடுக்குகிறது. இந்த அடுக்குக்குப் பெயர் 'கோடா'. கரீபியக் கடலின் டொமினிக்கா தீவருகே அதிகம் கேட்பது இது: டக்... டக்... டக்டக்டக். ஓரிரு நொடியில் முடிந்துவிடும்.

திமிங்கல ஆய்வாளர் ஷேன் கெரோவின் குழு 2005 முதல் அங்கே திமிங்கலக் குடும்பங்களைப் பின்தொடர்ந்து ஒலிகளைப் பதிவு செய்துவருகிறது. கிளிக்குகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் அளந்து, முதலில் 21 வகைக் கோடாக்களைப் பட்டியலிட்டார்கள். 2024இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த பிரத்யூஷா சர்மாவும் சகாக்களும் சுமார் 60 திமிங்கலங்களின் 8,719 கோடாக்களைக் கணினியில் ஆராய்ந்தபோது, அந்தப் பட்டியல் போதாது என்று தெரிந்தது. ஒவ்வொரு கோடாவும் பல கூறுகளின் சேர்க்கை: 18 தாளங்கள், 5 வேகங்கள். அதற்கு மேல், எதிரில் இருக்கும் திமிங்கலத்தின் ஒலிக்கேற்பக் கோடாவைச் சற்று நீட்டுவதும் குறுக்குவதும் உண்டு; சில சமயம் கடைசியில் ஒரு கிளிக் கூடுதலாக வந்து விழும்.

நம் 12 உயிரும் 18 மெய்யும் கூடி 216 உயிர்மெய் ஆவதுபோல, சில கூறுகளைக் கொண்டே பல கோடாக்கள் பிறக்கின்றன. எல்லாச் சேர்க்கையும் புழக்கத்தில் இல்லை. புழங்குபவையே நூற்றுக்கு மேல்.

கோடா, அதை எழுப்பும் திமிங்கலத்தின் குலத்தையும் காட்டிக்கொடுக்கும். பசிபிக்கில் ஒரு குலம் சீரான இடைவெளியில் ஒலிக்கும். இன்னொன்று கடைசிக் கிளிக்குக்கு முன் சற்றே நிறுத்தும். 2003இலேயே ஆய்வாளர்கள் ரெண்டலும் வைட்ஹெட்டும் இதைப் பதிவு செய்தார்கள். ஒரே கடலில் வாழ்ந்தாலும் குலங்கள் கலப்பதில்லை. குட்டிகள் பெரியவற்றிடம் கேட்டுக் கற்கின்றன.

கோடாக்களின் பொருள் இன்னும் பிடிபடவில்லை. வகைபிரித்ததை அகராதி என்று கொண்டாடுவது அவசரம். ஆனால் எழுத்தைப் பிரித்தறியாமல் எவரும் வாசிக்கக் கற்றதில்லை.

கேட்பதற்கும் கடல் அமைதியாக இருக்க வேண்டும். கப்பல் இரைச்சல் இந்த ஒலிகளை அமுக்குகிறது. கப்பல் மோதியும் திமிங்கலங்கள் சாகின்றன. 2023இல் டொமினிக்கா சுமார் 800 சதுர கிலோமீட்டர் கடலை இவற்றுக்கான காப்பகமாக அறிவித்தது. பொருள் புரியும்வரை காத்திராமல், பேசுவதற்கு முதலில் இடம் கொடுத்தது அந்தச் சின்னத் தீவு. பெரிய நாடுகளும் அதைச் செய்யட்டும்.