கம்பிக்குள் ஓர் எதிரொலி

ஆகாய விமானத்திற்கு முதுமை வருகிறதென்றால், நம் எண்ணம் முதலில் எஞ்சினையும் இறக்கையையுமே நாடும். எஞ்சினைக் கழற்றிப் புதியது மாட்டலாம். இறக்கையில் கீறல் விழுந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தும் பார்க்கலாம். உடலெங்கும் நரம்புபோல் ஓடும் மின்கம்பிகளின் கதையோ வேறு. பெரிய விமானம் ஒன்றில் அவற்றின் நீளம் நூறு மைலுக்கும் மிகுதி. கற்றை கற்றையாகச் சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் அவை மறைந்து கிடக்கின்றன.

1996-ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குக் கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. 800 என்னும் போயிங் 747 விமானம், பன்னிரண்டே நிமிடங்களில் வெடித்துக் கடலில் வீழ்ந்தது. 230 பேர் மாண்டனர். விமானத்தின் வயது 25. நடுத்தொட்டியில் இருந்த எரிபொருளின் ஆவி தீப்பற்றியது தெளிவாயிற்று. பற்றவைத்த பொறி எதுவென்று மட்டும் உறுதியாகக் கூற இயலவில்லை. தொட்டிக்கு வெளியே கம்பிகள் ஒன்றோடொன்று உராய்ந்து மின்சாரம் தாவி, எரிபொருளின் அளவு காட்டும் கம்பி வழியே உள்ளே புகுந்திருக்கக்கூடும் என்பதே 2000-ஆம் ஆண்டில் ஆய்வாளர் கண்ட முடிவு.

வெப்பம், குளிர், ஈரம், ஓயாத அதிர்வு ஆகியவற்றால் கம்பியின் மேலுறை வெடிக்கிறது, தேய்கிறது. ஆயினும் உள்ளிருக்கும் செம்பு அறாதவரை, மின்சாரம் தடையின்றி ஓடும். ஆகவே சாதாரண மீட்டர் அந்தக் கம்பியை நல்ல கம்பி என்றே காட்டும்! கையால் விலக்கிப் பார்ப்போமென்றாலோ, முதிர்ந்த உறை அந்தத் தொடுதலிலேயே விரிசல் கண்டுவிடும்.

கிணற்றில் குரல் கொடுத்து எதிரொலி கேட்டு விளையாடாத சிறுவர் உண்டோ? அதே தத்துவத்தால் இயங்கும் கருவி ஒன்று உண்டு. கம்பியின் ஒரு முனையில் நொடிப்பொழுது மின்துடிப்பு ஒன்றை அனுப்புவர். அது ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு வேகத்தில் ஓடி, பழுதான இடத்தில் மோதித் திரும்பும். பத்து மீட்டருக்கு அப்பால் கம்பி அறுந்திருந்தால், போய்வர ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு நேரம் ஆகும். அறுந்த முனையிலிருந்து துடிப்பு நேராகவே திரும்பும். இரு கம்பிகள் ஒட்டிக்கொண்ட இடத்திலிருந்து தலைகீழாகத் திரும்பும். இதனால் பழுதின் இடமும் இனமும் ஒருங்கே தெரிகின்றன.

ஆனால் உறை மட்டும் தேய்ந்த இடம் தரும் எதிரொலி மிக மெல்லியது. கம்பியின் இணைப்புகள் எழுப்பும் எதிரொலிகளில் அது அமிழ்ந்துவிடும். அன்றியும், வானில் இறக்கை அதிரும்போது கணநேரம் தொட்டு விலகும் கம்பி, தரையிறங்கியதும் சாதுவாகிவிடுகிறது. என் கருத்தில், இக்கலையின் உண்மையான கடினம் இதுவே. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகப் பேராசிரியை சிந்தியா ஃபர்ஸும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு வழி கண்டனர். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதற்கு இடையூறு செய்யாத மெல்லிய இரைச்சல் போன்ற குறி ஒன்றைக் கம்பியில் ஓடவிட்டு, திரும்பிவருவதை அனுப்பியதோடு ஓயாது ஒப்பிடுவது அம்முறை. பறக்கையில் ஒரு கணமே தோன்றி மறையும் பழுதும் இதில் அகப்படும். விமானம் இறங்கியபின் எந்தப் பலகையைத் திறக்க வேண்டும் என்பதையும் மெக்கானிக் அறிவார்.