பால்பவுடர் டின்னைத் தூக்கி எறியாதீர்கள்

2022 ஜூலை 3 அன்று காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. வாந்தி, பேதியோடு நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்கு வந்திருந்தார்கள். பரிசோதனையில் காலரா உறுதியானது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். பெரியவர்களுக்கு அது போதுமான அறிவுரைதான். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை இருந்த வீட்டில் நிலைமை வேறு. பவுடர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், கலக்கும் தண்ணீர் கெட்டிருந்தால் குழந்தைக்கு ஒவ்வொரு வேளைப் பாலும் ஆபத்துதான்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்று மருத்துவர்கள் வலியுறுத்த இதுவும் ஒரு காரணம். ஆனால் பால் சுரக்காத தாய்மார்களும், வேலைக்குத் திரும்பியாக வேண்டியவர்களும், தாயை இழந்த குழந்தைகளும் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர்கள் கையில் இருக்கும் டின்னைப் பற்றிப் பேசுவோம்.

டின்னுக்குள்ளேயே வரும் கேடு

சீல் உடைக்காத பால்பவுடர்கூடக் கிருமியே இல்லாத பொருள் அல்ல. குரோனோபாக்டர் என்ற கிருமி உலர்ந்த பவுடரிலும் உயிரோடு இருக்கும். பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கும், குறைமாதக் குழந்தைக்கும் இது மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோய்விடும். இந்தக் கிருமி இருக்கும் என்ற அச்சத்தில்தான் 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் அபாட் நிறுவனம் மிச்சிகன் ஆலையில் தயாரித்த பவுடர்களைத் திரும்பப் பெற்றது.

2008இல் சீனாவில் நடந்தது இன்னும் கொடுமை. தண்ணீர் கலந்த பாலில் புரதம் அதிகம் இருப்பதுபோலக் காட்ட மெலமைன் என்ற ரசாயனத்தைச் சேர்த்தார்கள். சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். பலருக்குச் சிறுநீரகத்தில் கல். ஆறு குழந்தைகள் இறந்தார்கள். அதன்பின் சீனப் பால்பொருள்களுக்கு இந்தியா தடை விதித்தது.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, சூடு 70 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் பவுடரைக் கலக்குங்கள். பிறகு புட்டியைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றிக் கொடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்தால் கிருமி சாகாது. கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கவே கூடாது.

பேட்ச் எண்ணில்தான் எல்லாம்

2025இல் கோல்ட்ரிஃப் இருமல் மருந்து குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். மருந்து தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கும் அனுப்பப்பட்டது. தமிழ்நாட்டு ஆய்வகம் சோதித்தபோது எஸ்ஆர்-13 என்ற பேட்ச்சில் 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்தது. அது மருந்து, இது உணவு, சட்டங்கள் வேறு. ஆனால் எதையும் திரும்பப் பெறும்போது முதலில் பார்ப்பது பேட்ச் எண்ணைத்தான்.

அந்த எண் டின்னின் அடிப்பாகத்திலோ மூடி ஓரத்திலோ சிறிய எழுத்தில் இருக்கும். பவுடரை வேறு டப்பாவில் கொட்டிவிட்டு டின்னை எறிவது பல வீடுகளில் வழக்கம். எறிந்தால் எண்ணும் போய்விடும். பில்லையும் பேட்ச் எண்ணையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

குழந்தைக்குக் காய்ச்சல், விடாத அழுகை, பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது போன்றவை தெரிந்தால் முதலில் மருத்துவமனை; புகாரெல்லாம் பிறகு. என்ன பால் கொடுத்தீர்கள் என்பதை மருத்துவச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மிச்சப் பவுடரை டின்னோடு மூடி வையுங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் உங்கள் பக்கம் பேசப்போவது இவைதான்.

சட்டம் என்ன தருகிறது

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இன்படி, கெட்ட பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுவது நிறுவனத்தின் கடமை. சோதித்துப் பார்க்க விரும்பினால், கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் நீங்களே கொடுக்கலாம். ஆனால் சோதனைக்கு அனுப்பப் போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். அதே பேட்ச்சில் சீல் உடைக்காத இன்னொரு டின்னை வாங்கிக் கொடுப்பது நல்லது. உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடமும் தாமதிக்காமல் புகார் கொடுங்கள்; வழக்குத் தொடர அவர்களுக்குப் பொதுவாக ஓராண்டுதான் அவகாசம்.

பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாமலும், கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரையும் இந்தச் சட்டத்தில் இழப்பீடு உண்டு. ஒரு குழந்தைக்கு நேர்ந்த கேட்டுக்கு இது மிகவும் குறைவு என்பேன். அதனால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இல் உள்ள பொருள் பொறுப்புப் பிரிவுகளையும் பயன்படுத்துங்கள். தயாரித்தவர் மீதும், சூழ்நிலையைப் பொறுத்து விற்றவர் மீதும் இழப்பீடு கோரலாம். மாவட்ட ஆணையமா, மாநில ஆணையமா என்பதைப் பொருளுக்குக் கொடுத்த விலைதான் முடிவு செய்கிறது, கேட்கும் இழப்பீடு அல்ல. சில நூறு ரூபாய் டின் என்பதால் மாவட்ட ஆணையமே போதும், கட்டணமும் கிடையாது. இரண்டாண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும்.

நாகூரில் வாங்கி, காரைக்காலில் கொடுத்தால்?

காரைக்கால் மாவட்டத்தின் திருமலைராயன்பட்டினத்துக்காரர் நாகூரில் டின் வாங்குவது புதிதல்ல. கடை தமிழ்நாட்டில், வீடு புதுச்சேரி ஒன்றியப் பகுதியில். கடையை ஆய்வு செய்ய வேண்டியவர்கள் தமிழ்நாட்டு அதிகாரிகள். அங்கே புகார் கொடுங்கள். ஆனால் இழப்பீடு கேட்கும் மனுவை நீங்கள் வசிக்கும் இடத்துக்கான நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்க 2019 சட்டம் இடம் தருகிறது. கம்பெனி மும்பையில் இருந்தாலும் சரிதான். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கு 15100 என்ற எண்ணையும், நுகர்வோர் புகாருக்கு 1915 என்ற எண்ணையும் அழையுங்கள்.