வெட்டுக்கிளி அல்ல, சில்வண்டு!

அமெரிக்காவின் தென்மேற்கே அரிசோனா மாநிலம் இருக்கிறது. அங்கே சொனோரா என்ற பாலைவனம் உண்டு. கோடையில் வெயில் 105 டிகிரியைத் தாண்டும். நடுப்பகலில் பறவைகள் நிழல் தேடி ஒதுங்கிவிடும்.

அந்த நேரத்தில் மரங்களில் இருந்து காதைத் துளைக்கும் இரைச்சல் கேட்கும். அதுதான் பாலைவனச் சில்வண்டு!

அமெரிக்காவில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் சில்வண்டுக்கு "வெட்டுக்கிளி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்றும் பலர் அப்படியே சொல்கிறார்கள். பெயரைக் கேட்டதும், "பயிர் போச்சே!" என்ற பயம் வருகிறது.

இரண்டையும் பிரித்து அறிவது எளிது.

வாயும் காலும்

வெட்டுக்கிளிக்கு இலையைக் கடித்து மெல்லும் தாடை உண்டு. தாவுவதற்கு நீண்ட பின்னங்கால்கள் உண்டு.

சில்வண்டுக்கு இவை இரண்டும் இல்லை. அதன் வாய் ஊசி போன்றது. மரத்தில் குத்திச் சாற்றை உறிஞ்சும். இறக்கைகள் கண்ணாடி போல் இருக்கும். உட்காரும்போது அவை கூரை போல் உடம்பை மூடும்.

எந்தச் சில்வண்டு?

இந்தப் பாலைவனத்தில் பல வகைச் சில்வண்டுகள் உண்டு. அப்பாச்சி சில்வண்டு கருத்திருக்கும். தலைக்குப் பின்னால் கழுத்துப்பட்டை போல் ஒரு வெளிறிய கோடு இருக்கும்.

மற்றொரு வகை கள்ளிச் செடிகளில் வாழும். அதன் நிறம் சாம்பல். முட்களுக்கு நடுவே லாகவமாகப் பறக்கும்.

பாடுவது ஆண் மட்டுமே. அதன் வயிற்றின் இரு பக்கமும் ஒலி எழுப்பும் சவ்வுகள் உள்ளன. பெண் பாடாது. அதன் வயிற்று நுனியில் கூரிய உறுப்பு இருக்கும். அதனால் சிறு கிளைகளைக் கீறி முட்டை இடும். சில கிளை நுனிகள் காய்ந்து போகலாம். ஆனால், வளர்ந்த மரம் பட்டுப்போகாது.

வியர்க்கும் பூச்சி

கொளுத்தும் வெயிலில் இது எப்படிப் பாடுகிறது?

1980-களில் விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்தார்கள். அப்பாச்சி சில்வண்டுக்கு வியர்க்கிறது என்று கண்டார்கள்! உடம்பில் உள்ள நுண்ணிய துளைகள் வழியாக நீர் வெளியேறுகிறது. அது ஆவியாகும்போது உடம்பு குளிர்கிறது. எதிரிப் பறவைகள் ஒதுங்கியிருக்கும் வேளையில் அது துணிந்து பாடுகிறது.

இத்தனை வியர்வைக்குத் தண்ணீர் ஏது? எல்லாம் மரச்சாறுதான். அதைக் கொடுப்பது அந்த ஊசி வாய்.

அந்த வாயால் ஓர் இலையைக்கூடக் கடிக்க முடியாது. பிறகு பயிரை எப்படி அழிக்கும்?