காசுக்குப் பாடிய குழந்தை

ஒரு லட்சம் ரூபாய்! 1935-ஆம் வருஷத்தில் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நடிப்பதற்குக் கே. பி. சுந்தராம்பாள் பெற்ற ஊதியம் அது. நடுத்தரக் குடும்பம் ஒன்று ஆயுள் முழுவதும் சேர்த்தாலும் எட்டாத தொகை என்பதை நேயர்கள் அறிவார்கள். ஆனால் அதே குரலுக்கு ஒரு காலத்தில் கிடைத்த சன்மானம் காலணாவும் அரையணாவுமே.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-ல் பிறந்த அக்குழந்தை, இளமையிலேயே தகப்பனாரை இழந்தது. தாயார் பாலாம்பாள் வறுமையோடு போராடிக் குழந்தைகளை வளர்த்தார். ரயில் வண்டிகளில் சுந்தராம்பாள் பாடிப் பெற்ற காசு வீட்டில் அடுப்பெரிய உதவிற்று.

அப்படிப் பாடியபோது வண்டியில் இருந்தவர்களுள் ஒருவர், ரயில்வே அதிகாரியும் நாடகப் பிரியருமான எப். ஜி. நடேசய்யர். அவர் காசு கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை. வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் குழந்தையைச் சேர்ப்பித்தார். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் கடைசி வரிசை வரை எட்டிய அக்குரல், விரைவிலேயே பெரும் கியாதி அடைந்தது. இலங்கை சென்றவிடத்தில் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் சேர்ந்து நடித்தார். 1927-ல் அவரையே மணந்தார். 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானபோது அம்மையாருக்கு வயது இருபத்தைந்துதான்.

அன்று உடுத்திய வெள்ளைப் புடவையை அவர் மாற்றவேயில்லை. ஆண்களுடன் ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதம் பூண்டு, நந்தனாராகத் தாமே வேஷம் தரித்தார். 1953-ல் ஔவையாராகத் தோன்றி வீடுதோறும் பாட்டியானார். சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளில் தேச கீதங்களை முழக்கினார். பின்னர்ச் சட்ட மேலவை உறுப்பினரானார், 1970-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1980-ல் மறைந்தார்.

திறமை தானே மேலே வந்துவிடும் என்று நாம் சொல்லித் திருப்தி அடைகிறோம். சுந்தராம்பாளின் சரித்திரம் அவ்வாறு சொல்லவில்லை. குரல் அவருடையது, ஆனால் அதை நின்று கேட்க ஒருவர் வேண்டியிருந்தது.

திருவண்ணாமலையில் கிரிவலம் வருவோர், மாணிக்கவாசகருக்குக் கோயில் அமைந்த அடி அண்ணாமலையைக் கடந்தே செல்கிறார்கள். பௌர்ணமி இரவில் அந்த வீதியோரத்தில் துண்டை விரித்துப் பாடுகிறவர்களும் உண்டு. காசு போடும் கை அநேகம். நிற்கும் கால்தான் குறைவு. பாடுகிற எல்லோரும் சுந்தராம்பாள் ஆகிவிட மாட்டார்கள். எனினும் அடுத்த முறை செல்லும்போது, ஒரு பாட்டு முடியும் வரையிலாவது நாம் நிற்கலாம் அல்லவா?