அது தலைச்சுற்றல் இல்லை!



எங்கேயாவது நிலம் ஆடியதாகச் செய்தி வந்தால் போதும், "ஆறு இருக்கும்", "ஏழுக்குக் குறையாது" என்று ஆளுக்கொரு எண் சொல்வோம். நானும் அப்படிச் சொல்லி அசடு வழிந்தவள்தான். அந்த அனுபவத்தையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

2001 செப்டம்பர் 25. செவ்வாய்க்கிழமை என்பதால் எனக்கு விரதம். இரவு எட்டரை ஆகப் போகிறது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ரசம். நான் தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தெருவில் லாரி போகிற மாதிரி ஒரு உறுமல். அடுத்த நொடி, ஸ்டாண்டில் இருந்த எவர்சில்வர் தட்டுகள் கடகடவென்று அடித்துக்கொண்டன. ஒயரில் தொங்கிய குண்டு பல்பு ஆடியது. உட்கார்ந்திருந்த தரையே என்னை அசைத்தது.

"பூகம்பம்!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டேன். தெருவில் நின்ற பிறகுதான் உறைத்தது. ஸ்டவ் எரிகிறது, உள்ளே கயிற்றுக் கட்டிலில் மாமியார் தூங்குகிறார்! திரும்பி ஓடினால், அவர் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "யாரும்மா கட்டிலை உலுக்கினது?" என்கிறார். நல்லவேளை, எதுவும் விழவில்லை. விழுந்திருந்தால்? அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

சற்று நேரத்தில் கழனியிலிருந்து கணவர் வந்தார். விஷயத்தைச் சொன்னால் சிரிக்கிறார். "வரப்பு மேலதான் நடந்து வந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியலையே? விரதம்னு காலையிலேர்ந்து பட்டினி கிடந்தா தலை சுத்தாம என்ன செய்யும்?" என்றார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மாமியார்தான் விடவில்லை. "அவளுக்குத் தலை சுத்தினா என் கட்டில் ஏன்டா ஆடுது?" என்று ஒரே போடாகப் போட்டார். அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

அதற்குள் தெருவே கூடிவிட்டது. அந்த வருடம் ஜனவரி 26-ல் குஜராத்தின் பூஜ் பகுதியை நாசமாக்கிய பூகம்பம் எல்லார் மனதிலும் இருந்தது. அது 7.7. நானும் தைரியமாக, "இதுவும் ஏழு இருக்கும்" என்றேன். மறுநாள் பார்த்தால், பாண்டிச்சேரிக்குக் கிழக்கே கடலுக்குள் மையம், அளவு 5.5. எங்கள் ஊருக்கும் அதற்கும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். "ஏழு வந்துட்டாங்க பாரு" என்று தெருவில் கொஞ்ச நாள் எனக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்!

பின்னாளில் படித்தபோதுதான், எங்கே தப்பு செய்தேன் என்று புரிந்தது. அளவுகள் இரண்டு. செய்தியில் சொல்வது, பூமிக்குள் எவ்வளவு சக்தி வெளிப்பட்டது என்பது. அது ஒரு பூகம்பத்துக்கு ஒரே எண்தான். 1935-ல் அமெரிக்காவின் ரிக்டர் தொடங்கிவைத்த முறை இது. ஒரு எண் கூடினால் சக்தி சுமார் 32 மடங்கு கூடும். இன்னொன்று, நம் வீடு எவ்வளவு ஆடியது என்பது. அது ஊருக்கு ஊர் மாறும். கோயிலில் போடும் அதிர்வேட்டு பக்கத்தில் நிற்பவருக்கு நெஞ்சை அதிர வைக்கும், ஆற்றுக்கு அக்கரையில் 'டப்' என்றுதான் கேட்கும். வேட்டு ஒன்றுதானே?

இந்த இரண்டாவது அளவுக்கு இயந்திரம் வேண்டாம், நம் சமையலறை போதும். இத்தாலியப் பாதிரியார் மெர்கல்லி 1902-ல் வகுத்து, பிறகு திருத்தப்பட்ட அளவில் 12 படிகள். லாரி போன மாதிரி லேசாகத் தெரிந்தால் மூன்று. பாத்திரம், ஜன்னல் கடகடத்து, தொங்குகிற பொருள் ஆடி, தூங்குகிறவர்களில் சிலர் விழித்தால் நான்கு. ஏறக்குறைய எல்லாருக்கும் தெரிந்து, சாமான் கவிழ்ந்தால் ஐந்து. கனமான பொருள் நகர்ந்து, சுவர்ப் பூச்சு ஆங்காங்கே உதிர்ந்தால் ஆறு. அதற்கு மேல் கட்டடமே சேதமாகும். அன்று எங்கள் வீட்டில் தட்டு கடகடத்தது, பல்பு ஆடியது, மாமியார் விழித்தார், எதுவும் கவிழவில்லை. ஆக, நான்கு!

நான்காம் படியில் வீட்டுக்குள் இருக்கிற பலருக்கும் தெரியும், வெளியே இருக்கிறவர்களில் சிலருக்குத்தான் தெரியும். வரப்பில் நடந்தவருக்குத் தெரியாததும் நிஜம், உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்ததும் நிஜம். இதைக் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். "சரி, ஒத்துக்கறேன்" என்றார்!

ஆனால் ஒன்று. நம் வீடு எவ்வளவு ஆடியது என்று சொல்லலாமே தவிர, பூகம்பம் எவ்வளவு பெரியது என்று அதை வைத்துச் சொல்லக் கூடாது. 2012 ஏப்ரல் 11 மதியம், சென்னையில் நாலாவது மாடியிலிருந்து மகள் போன் செய்தாள். "அம்மா, ஃபேன் ஊஞ்சல் மாதிரி மெதுவா ஆடுதும்மா" என்றாள். இங்கே எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அது சுமத்ரா பக்கம் 8.6! தூரத்துப் பெரிய பூகம்பம் மெதுவாக, நீளமாக ஆட்டும். மாடிகளில்தான் அதிகம் தெரியும். 2004 டிசம்பர் 26 காலையிலும் சென்னையில் அப்படித்தான் ஆடியது. அதன் அளவு 9.1. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்துக் கடல் வந்ததை யார் மறப்போம்? கடற்கரையில் இருக்கும் சகோதரிகள், லேசான ஆட்டம்தானே என்று சும்மா இருக்காமல், கரையை விட்டு விலகிச் செய்தியைக் கேளுங்கள்.

அதேபோல எண் சின்னது என்றும் அலட்சியம் வேண்டாம். 1993 செப்டம்பர் 30 விடியற்காலை, மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியில் வந்தது 6.2 தான். ஊருக்கு அடியிலேயே வந்ததாலும், கல்லும் மண்ணுமாகக் கட்டிய கனமான சுவர்கள் தூங்குகிறவர்கள் மேல் சரிந்ததாலும், ஏறத்தாழ பத்தாயிரம் பேர் போய்விட்டார்கள்.

ஆடும்போது என்னைப் போல ஓடாதீர்கள். உறுதியான மேஜைக்கு அடியில், இல்லாவிட்டால் உள்பக்கச் சுவரோரம், தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குந்திவிடுங்கள். ஆட்டம் நின்றதும் அடுப்பை அணைத்து, பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். சுவரில் புது விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, மணி என்ன, எது ஆடியது, எது விழுந்தது, யார் விழித்தார்கள் என்று காலண்டர் தாளிலாவது குறித்து வையுங்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வு மையமே பொதுமக்களிடம் இதையெல்லாம் கேட்டு வாங்கித்தான், எந்த ஊர் எவ்வளவு ஆடியது என்று வரைபடம் போடுகிறது.

மாமியார் இப்போது இல்லை. அந்தக் கயிற்றுக் கட்டில் இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், எனக்காகச் சாட்சி சொன்ன அந்த ஒரு கேள்விதான் நினைவுக்கு வருகிறது. விட்டுவிட்டு ஓடினவளுக்காக அவர் பேசினார், பாருங்கள்!

— ஒரு வாசகி, காவாந்தண்டலம்.