13வது நிமிடத்தின் கைதட்டல்

2018 மார்ச் 4, ஞாயிற்றுக்கிழமை. இத்தாலியின் உதினே நகரில் அன்று ஒரு கால்பந்து ஆட்டம் நடக்கவிருந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த பியோரென்டினா அணியினர் தங்கும் விடுதியில் காலை உணவுக்குக் கூடினார்கள். அணித்தலைவர் டேவிடே அஸ்டோரி மட்டும் வரவில்லை. இரவிலேயே அவரது இதயம் நின்றுபோயிருந்தது. வயது 31. வீட்டில் இரண்டு வயது மகள். அன்றைய முதல்நிலை லீக் ஆட்டங்கள் அனைத்தும் தள்ளிவைக்கப்பட்டன.

அஸ்டோரி உலகமே அறிந்த நட்சத்திரம் அல்லர். தேசிய அணிக்காக 14 ஆட்டங்கள் ஆடியவர். தற்காப்பு வீரர் என்பதால் கோல் அடித்துப் பெயர் வாங்கும் இடமும் அவருடையது அல்ல. ஆனாலும் புளோரன்ஸ் நகரம் அவருக்காக அழுதது. அந்த நகரத்து ரசிகர்கள் துக்கத்தைக் கையாண்ட விதம், ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில், ஒரு மாணவரை இழந்த வகுப்பறைக்குள் மறுநாள் காலை நுழைய வேண்டியவர்கள் நாம்தான்.

ரசிகர்கள் செய்தவை

முதலில், துக்கத்துக்கு ஓர் இடம் கிடைத்தது. புளோரன்ஸ் விளையாட்டரங்கின் வெளிவேலி முழுவதும் ஊதா நிறக் கழுத்துத் துண்டுகளும், பூக்களும், கையால் எழுதிய கடிதங்களும் நிறைந்தன. எங்கே போய் அழுவது என்று தெரியாதவர்களுக்கு அந்த வேலி இடம் கொடுத்தது.

இரண்டாவது, பகை ஒதுங்கி நின்றது. மார்ச் 8 அன்று சாந்தா குரோச்சே பேராலயத்தில் இறுதிச் சடங்கு. மைக்கேலாஞ்சலோவும் கலிலியோவும் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் ஆலயம் அது. பியோரென்டினா ரசிகர்களுக்கு யுவென்டஸ் அணி பரம எதிரி. முந்தைய இரவு லண்டனில் ஆடிய அந்த அணியின் புஃபோன், கியெல்லினி போன்றவர்கள் அஞ்சலி செலுத்த வந்தபோது, வெளியே நின்ற கூட்டம் அவர்களைக் கைதட்டி வரவேற்றது.

மூன்றாவது, துக்கத்துக்கு ஒரு நேரம் குறிக்கப்பட்டது. அஸ்டோரியின் சட்டை எண் 13. மார்ச் 11 அன்று பெனவென்டோவுடன் நடந்த ஆட்டத்தில் 13வது நிமிடம் ஆட்டம் நின்றது. அரங்கம் முழுவதும் கைதட்டியது. பிறகு ஆட்டம் தொடர்ந்தது. அஸ்டோரியின் இடத்தில் ஆடிய விட்டோர் ஹியூகோ அன்றைய ஒரே கோலை அடித்தார். அவரது சட்டை எண் 31. பியோரென்டினாவும், அஸ்டோரி முன்பு ஆடிய கால்யாரியும் 13ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என முடிவெடுத்தன. 13வது நிமிடக் கைதட்டல் பிற்பாடும் வழக்கமாகத் தொடர்ந்தது.

2025 ஜூலையில் லிவர்பூல் வீரர் டியோகோ ஜோட்டா 28 வயதில் கார் விபத்தில் தம் தம்பியோடு இறந்தபோதும் இதே மாதிரிதான் நடந்தது. 20ஆம் எண் சட்டைக்கு ஓய்வு தரப்பட்டது. 20வது நிமிடத்தில் ரசிகர்கள் அவரைப் பற்றிய பாட்டைப் பாடினார்கள்.

‘உனக்கு அவன் என்ன உறவு?’

ஒருமுறைகூட நேரில் பேசாத வீரருக்காக ஒருவர் அழுவதைப் பலர் கேலி செய்வார்கள். உறவுமுறை இல்லாத காரணத்தால் மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளாத இத்தகைய துயரத்தை, அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் ‘உரிமை மறுக்கப்பட்ட துயரம்’ என்ற பொருளில் விளக்கினார்.

வகுப்புத் தோழனின் துயரமும் இப்படித்தான். சாவு வீட்டில் மாமனுக்கும் பங்காளிக்கும் செய்ய வேண்டிய முறைகள் உண்டு. ஐந்து வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு எந்த முறையும் இல்லை. அவன் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறான். அவனுக்கான இடத்தைப் பள்ளிதான் தர முடியும்.

எங்கள் பள்ளியில் ஒரு கோடை விடுமுறையில் ஏழாம் வகுப்பு முடித்த மாணவன் நீரில் மூழ்கி இறந்தான். ஜூன் மாதம் எட்டாம் வகுப்பு தொடங்கியபோது, யாரும் சொல்லாமலேயே இரண்டாவது பெஞ்சின் ஓரத்தைப் பிள்ளைகள் காலியாக விட்டார்கள். புதிய வருகைப் பதிவேட்டில் அவனுடைய 17ஆம் எண் அடுத்த மாணவனுக்கு வந்தது. “இது அவன் நம்பர் சார்” என்றான் அந்த மாணவன். பதிவேட்டை மாற்ற முடியாது. ஆனால் அந்த ஆண்டு முழுவதும் நான் எண் சொல்லாமல் பெயர் சொல்லியே வருகை எடுத்தேன். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு அந்தக் காலி இடத்தில் பிள்ளைகள் தாங்களாகவே உட்காரத் தொடங்கினார்கள்.

வகுப்பறையில் நாம் செய்யக்கூடியவை

• செய்தியை நேராகச் சொல்வோம். சிறு குழந்தைகளிடம் “தூங்கிட்டான்” என்று சொன்னால் அவர்கள் தூங்கவே பயப்படுவார்கள். அஸ்டோரி கதையைச் சொல்லும்போதும், “தூங்கியதால் இறக்கவில்லை, இதயத்தில் இருந்த கோளாறால் இறந்தார்” என்று விளக்குவது அவசியம்.

• ஒரு வாரத்துக்கு ஓர் இடம் ஒதுக்குவோம். சுவரில் ஒரு சார்ட் போதும். எழுதலாம், வரையலாம், விரும்பாதவர்கள் சும்மா இருக்கலாம். பிறகு அவற்றைப் பெற்றோரிடம் ஒப்படைக்கலாம்.

• நேரத்துக்கு எல்லை வைப்போம். 13வது நிமிடக் கைதட்டலுக்குப் பின் ஆட்டம் தொடர்ந்ததுபோல், நினைவுகூர்தலுக்குப் பின் பாடம் தொடரட்டும். வழக்கமான வேலை குழந்தைகளுக்குப் பிடிமானம் தரும்.

• காலி இடத்தை எப்போது நிரப்புவது என்பதைப் பிள்ளைகளிடம் கேட்டு முடிவு செய்வோம்.

• இறந்தவனோடு சண்டை போட்டிருந்த மாணவனைக் குறிப்பாகக் கவனிப்போம். யுவென்டஸ் வீரர்களுக்குக் கிடைத்த வரவேற்பு அவனுக்கும் வேண்டும்; குற்றவுணர்வு அவனை அதிகம் அழுத்தும்.

• இறப்பு தற்கொலையாக இருந்தால், முறையை விவரிப்பதையும் அதைப் பெருமைப்படுத்துவதுபோன்ற அஞ்சலியையும் தவிர்ப்போம்.

பல வாரங்களுக்குப் பிறகும் ஒரு மாணவர் உண்ணாமல், பேசாமல், பள்ளிக்கு வர மறுத்தால் பெற்றோரிடம் பேசி, மனநல ஆலோசனைக்கு 14416 எண்ணையும், குழந்தைகளுக்கான 1098 எண்ணையும் தொடர்புகொள்ளலாம்.

புளோரன்ஸ் அரங்கில் கைதட்டல் ஓய்ந்ததும் பந்து மறுபடி உருண்டது. அஸ்டோரியை யாரும் மறந்துவிடவில்லை. தங்கள் துக்கத்தை எல்லோரும் சேர்ந்து சுமக்கிறார்கள் என்று தெரிந்ததால்தான் அவர்களால் ஆட முடிந்தது. நம் வகுப்பறைப் பிள்ளைகளுக்கும் அந்தத் தைரியம் வேண்டும்.