அருகில் இருந்தும் எட்டாத ஆஸ்பத்திரி

குண்டு பாய்ந்தோ மோட்டார் விபத்தில் சிக்கியோ ரத்தம் பெருகக் கிடக்கும் மனிதன் பிழைப்பதும் மாள்வதும் காயம் உடம்பில் எங்கே பட்டது என்பதைப் பொறுத்தது என்றே நாம் எண்ணுகிறோம். அவன் ஊரில் எந்தப் பகுதியில் விழுந்தான் என்பதும் அதே அளவுக்குப் பிராணனை நிர்ணயிக்கக்கூடும் என்பதை, அமெரிக்காவின் சிகாகோ நகரம் ஏறக்குறைய முப்பது ஆண்டுக் காலம் கண்கூடாகக் காட்டிற்று.

2010 ஆகஸ்டில், அந்நகரின் தென்பகுதியில், தம் வட்டாரத்து இளைஞர்களைத் திரட்டி ஒரு சங்கம் அமைப்பதில் முன்னின்றவரான 18 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர், வேறு எவரையோ குறிவைத்த குண்டுக்கு இலக்கானார். அவர் விழுந்த இடத்திலிருந்து சில தெருக்கள் தள்ளி, உலகப் புகழ் படைத்த சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் பெரியவர்களின் படுகாயங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மையம் அங்கே இல்லாத காரணத்தால், ஆம்புலன்ஸ் அவரைச் சுமார் 9 மைல் தொலைவில், நகரின் மத்தியில் உள்ள நார்த்வெஸ்டர்ன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றது. அங்கே அவர் உயிர் நீத்தார். அருகிலேயே சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது, ஆனால் அந்தக் கேள்வியை ஒரு தாய் தம் ஆயுள் முழுவதும் சுமக்கும்படி விட்ட ஏற்பாடு எது என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

அந்த ஏற்பாட்டின் வேர் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. முதல் நிலைப் படுகாய மையம் என்ற அந்தஸ்தை விரும்பும் ஆஸ்பத்திரி, அறுவை வைத்தியர், மயக்க மருந்து நிபுணர், ரத்த வங்கி, ஆபரேஷன் கூடம் ஆகிய யாவற்றையும், நோயாளி வந்தாலும் வராவிட்டாலும், இரவும் பகலும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். இந்தச் செலவைப் பெரும்பாலும் ஈடுகட்டுவது நோயாளிகளின் இன்சூரன்ஸ் பணம். ஆகையால், இன்சூரன்ஸ் இல்லாத ஏழைகள் மிகுந்த பகுதியில் காயங்கள் பெருகப் பெருக ஆஸ்பத்திரியின் நஷ்டமும் பெருகுகிறது. எங்கே தேவை அதிகமோ அங்கேயே மையத்தை மூடத் தூண்டும் விபரீதம் நேருகிறது. 1986-இல் நகரத்தின் படுகாயச் சிகிச்சை அமைப்பில் சேர்ந்த பல்கலைக்கழக ஆஸ்பத்திரி, நஷ்டத்தைக் காரணம் காட்டி 1988-இல் விலகிக்கொண்டது. தென்பகுதியிலேயே இருந்த மைக்கேல் ரீஸ் ஆஸ்பத்திரியும் 1991-இல் அந்தப் பணியைக் கைவிட்டது. அதன் பிறகு 27 ஆண்டுகள், கறுப்பின மக்கள் பெருவாரியாக வாழ்வதும் துப்பாக்கிச் சூடு மலிந்ததுமான அந்தப் பகுதியில், பெரியவர்களுக்கான முதல் நிலை மையம் ஒன்றுகூட இல்லை. எவரும் நிறத்தைச் சொல்லிக் கதவை அடைக்கவில்லை என்பது வாஸ்தவம். ஆயினும், கறுப்பர்கள் இன்ன தெருக்களில்தான் குடியிருக்கலாம் என்று வீட்டுக் கடன் விதிகளும் கிரயப் பத்திர நிபந்தனைகளும் பல தலைமுறைகளாக எல்லை வகுத்துவைத்த ஒரு நகரத்தில், வரவு செலவை மட்டுமே பார்த்துச் செய்த முடிவும் நிறத்தைப் பார்த்துச் செய்த முடிவாகவே விளைகிறது.

காயம்பட்டவனுக்கு முதல் ஒரு மணி நேரமே பொன்னான நேரம் என்று பால்டிமோரின் அறுவை வைத்தியர் ஆடம்ஸ் கௌலி வற்புறுத்தியது பிரசித்தம். சிகாகோவில் மேரி கிராண்டல் என்ற அறுவை வைத்தியரும் அவருடைய சகாக்களும் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, படுகாய மையத்துக்கு 5 மைலுக்கு அப்பால் சுடப்பட்டவர்களிடையே மரணம் அதிகம் என்று கண்டது. இதில் மனத்தை உறுத்தும் இன்னொரு விஷயமும் உண்டு. ஆம்புலன்சிலேயே தேர்ந்த முதலுதவி அளிக்கும் முறைக்கு அந்நாட்டில் வழிகாட்டிய முன்னோடிகள், பிட்ஸ்பர்க் நகரில் 1967-இல் தொடங்கிய ஃப்ரீடம் ஹவுஸ் சேவையில் பயிற்சி பெற்ற கறுப்பின இளைஞர்கள். 1975-இல் நகராட்சி அந்தப் பணியைத் தானே ஏற்றபோது, அவர்களுள் பலர் படிப்படியாக ஒதுக்கப்பட்டார்கள்.

இறந்த இளைஞரின் தோழர்கள் சும்மா இருக்கவில்லை. ஊர்வலம் நடத்தினார்கள், மறியல் செய்து கைதானார்கள், பாதிரிமார்களும் மாணவர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். 2015 டிசம்பரில் பல்கலைக்கழகம் தன் வளாகத்திலேயே மையம் அமைக்க இணங்கிற்று. 2018 மே 1 அன்று அது திறக்கப்பட்டது. பணமில்லை என்று சொல்லி மூடியதை, கேட்கும் குரல் வலுத்தபோது திறக்க முடிந்திருக்கிறது என்பதை இதன் சாரமாக நான் கொள்கிறேன்.

வாசலைக் கடந்துவிட்டால் எல்லோரும் சமம் என்றும் சொல்வதற்கில்லை. லாஸ் ஏஞ்சலஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்து 1993-இல் வெளியான ஆய்வின்படி, கை கால் எலும்பு முறிந்து வந்த ஸ்பானிய வம்சத்தாருக்கு வலி மருந்தே கொடுக்காமல் விட்டது வெள்ளையருக்கு விட்டதைப் போல இரு மடங்கு. அட்லாண்டாவிலிருந்து 2000-இல் வந்த மற்றோர் ஆய்வில், அதே விதமான முறிவுக்கு வெள்ளையரில் 74 சதவீதத்தினர் வலி மருந்து பெற, கறுப்பரில் பெற்றவர்கள் 57 சதவீதத்தினரே. தேசம் முழுவதிலும் திரட்டிய படுகாயப் பதிவேட்டை ஆராய்ந்து 2008-இல் அடில் ஹைதர் குழுவினர் வெளியிட்ட முடிவோ, இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் எந்த இனத்தவரானாலும் அதிகமாக மாள்கிறார்கள் என்றும், கறுப்பர் நிலைமை அதிலும் மோசம் என்றும் கூறிற்று.

உயிர் தப்பியவனின் பிற்பாட்டுக் கதையைப் பத்திரிகைகள் எழுதுவதே அரிது. அவசரச் சிகிச்சையை எவருக்கும் மறுக்கலாகாது என்று 1986-இல் அமெரிக்கா சட்டம் செய்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் கடமை, நோயாளியின் நிலை ஸ்திரப்பட்டதும் தீர்ந்துபோகிறது. முதுகெலும்பு நொறுங்கியவனுக்கு மாதக்கணக்கில் தேவைப்படும் உடற்பயிற்சிச் சிகிச்சை, இழந்த பேச்சைத் திரும்பக் கற்கும் பயிற்சி, இரவுகளில் அலறி விழிக்கச் செய்யும் மனக் காயத்துக்கான வைத்தியம் ஆகியவற்றுக்கு இன்சூரன்ஸ் வேண்டும். அது இல்லாதவன் வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். கூலி வேலையை நம்பியிருந்த குடும்பத்தில் அவன் பாரமாகிறான். ஏழைகளுக்கான அரசாங்க மருத்துவக் காப்பை 2014 முதல் விரிவாக்கிய மாகாணங்களில் இத்தகையோர் மறுவாழ்வுச் சிகிச்சை பெறுவது கூடியிருக்கிறது. டெக்ஸாஸ், ஜார்ஜியா போன்றவை அந்த முழு விரிவை இன்னும் ஏற்கவில்லை. காயம்பட்டவனைத் திரும்ப நடக்கவும் உழைக்கவும் வைக்கும் சிகிச்சையையும் உயிர் காக்கும் கடமைக்குள் கொண்டுவராத வரையில், அந்த 1986-ஆம் ஆண்டுச் சட்டம் பாதிச் சட்டமே.